சின்டாக்ஸ் எரர் வந்ததும் செய்யக்கூடாதவை: எஸ்கியூஎல் தேடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கமா விட்டுப்போனது, அடைப்புக்குறியை மூடாதது, செலெக்டைத் தப்பாக டைப் செய்தது எல்லாம் இங்கே கிடையாது. அவற்றைப் பெரும்பாலும் எடிட்டரே சிவப்புக் கோடு போட்டுக் காட்டிவிடும். டேட்டாபேஸிடம் கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லை எழுதப் புதிதாக வருகிறவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய் விழும் குழிகள் வேறு. க்வெரியின் (டேட்டாபேஸுக்கு அனுப்பும் கேள்வி) இலக்கணம் தவறு என்று வரும் சின்டாக்ஸ் எரரைப் படிக்காமலே க்வெரியைக் கண்டபடி மாற்றிப் பார்ப்பதில் அது தொடங்கும். எரரை எப்படியோ வாயடைத்துவிட்டு, சரியாகிவிட்டது என்று அடுத்த வேலைக்கு நகர்வதில் முடியும். இரண்டாவதுதான் ஆபத்து.

## எரர் காட்டும் இடத்தையே முறைத்துக்கொண்டிருப்பது

மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் 1064 என்ற எண்ணோடு ஒரு நீளமான வரியைத் தரும். அதில் 'நியர்' என்பதற்குப் பின்னால் உங்கள் க்வெரியின் ஒரு துண்டு இருக்கும். தவறு அந்தத் துண்டுக்குள் இருக்கிறது என்றுதான் எல்லோரும் தேடுவார்கள். உண்மையில், க்வெரியைப் பிரித்துப் படிக்கும் பார்சர் வரிசையாகப் படித்துக்கொண்டே வந்து, இதற்கு மேல் போக முடியாது என்று நின்ற இடம் அது. குறை பெரும்பாலும் அதற்கு ஒரு சொல் முன்னால் இருக்கும். (கீழே வேர் என்பது நிபந்தனையைத் தொடங்கும் WHERE.)

வேர் வயது > அண்ட் ஊர் = 'மதுரை'

இதற்கு வரும் எரர் 'அண்ட் ஊர்...' என்று தொடங்கும். அண்டில் ஒரு குறையும் இல்லை. அதற்கு முன்னால் வரவேண்டிய எண் வரவில்லை. ப்ரோக்ராமில் அந்த வேரியபிள் காலியாக இருந்திருக்கிறது.

நியருக்குப் பின்னால் ஒன்றுமே இல்லாமல் வெறும் மேற்கோள் மட்டும் இருந்தால், க்வெரி பாதியிலேயே முடிந்துவிட்டது என்று பொருள். கடைசியில் ஒரு மதிப்பு விட்டுப்போயிருக்கும், அல்லது எங்கோ திறந்த அடைப்புக்குறி மூடப்படவில்லை. போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் இதையே 'அட் எண்ட் ஆஃப் இன்புட்' என்று சொல்லும். ஆரக்கிளில் ஓஆர்ஏ-01756, எஸ்கியூஎல் சர்வரில் 105 வந்தால் இன்னும் நேரடி: மேற்கோள் மூடவில்லை.

எண்ணையும் பாருங்கள். போஸ்ட்கிரெஸில் 42601 மட்டும்தான் சின்டாக்ஸ். 42703 என்றால் அந்த ஃபீல்டு இல்லை, 42பி01 என்றால் அந்த டேபிள் இல்லை. மைஎஸ்கியூஎல்லில் இவற்றுக்கு 1054, 1146. பெயரில் ஓர் எழுத்து தவறியதற்காக அடைப்புக்குறிகளை மாற்றி மாற்றிப் போட்டு ஒரு பிற்பகலையே தொலைப்பவர்கள் இந்த எண்ணைப் படித்திருக்கவே மாட்டார்கள்.

ப்ரோக்ராம் கட்டும் க்வெரி என்றால், கோடைப் பார்த்து ஊகிக்க வேண்டாம். டேட்டாபேஸுக்குப் போகும் கடைசி வடிவத்தை அப்படியே பிரின்ட் செய்து பாருங்கள். இரண்டு துண்டுகளை ஒட்டும்போது நடுவே ஸ்பேஸ் விடாததால் டேபிள் பெயரும் வேரும் ஒரே சொல்லாகிப் போயிருப்பது அப்போதுதான் கண்ணில் படும்.

## மேற்கோள் குழப்பம்

ஒற்றை மேற்கோள் மதிப்புக்கு, இரட்டை மேற்கோள் ஃபீல்டு அல்லது டேபிள் பெயருக்கு. இதுதான் எஸ்கியூஎல் தரநிலை. மைஎஸ்கியூஎல் வழக்கமான அமைப்பில் இரட்டை மேற்கோளையும் மதிப்பாக எடுத்துக்கொள்ளும்; பெயர்களுக்கு அதில் பேக்டிக் (`). அங்கே பழகியவர் போஸ்ட்கிரெஸுக்கு வந்து ஊர் = "மதுரை" என்று எழுதினால், மதுரை என்று ஒரு ஃபீல்டே இல்லை என்று பதில் வரும். எஸ்கியூலைட் இன்னும் மோசம். அப்படி ஒரு ஃபீல்டு இல்லாவிட்டால், சத்தமே இல்லாமல் அதை மதிப்பாக எடுத்துக்கொள்ளும். ஃபீல்டு பெயரை இரட்டை மேற்கோளுக்குள் தப்பாக டைப் செய்தால்கூட எரர் வராது; விடை மட்டும் தவறாக வரும்.

## வேர்டிலிருந்து காப்பி செய்வது

செய்யாதீர்கள். சாய்ந்த மேற்கோளும் நோ-பிரேக் ஸ்பேஸும் கூடவே வரும். கண்ணுக்குத் தெரியாது, பார்சருக்குத் தெரியும்.

## ரேங்க், ஆர்டர், குரூப், யூசர்

இந்தப் பெயர்களில் டேபிளோ ஃபீல்டோ வைத்தால் என்றாவது ஒருநாள் மாட்டிக்கொள்வீர்கள். மைஎஸ்கியூஎல் 5.7-இல் ரேங்க் என்பது சாதாரணப் பெயர், 8.0.2-இலிருந்து அது ஒதுக்கப்பட்ட சொல். குரூப்ஸும் அப்படியே. பல வருடமாக ஓடிக்கொண்டிருந்த க்வெரி, சர்வரை அப்கிரேடு செய்த மறுநாள் 1064 என்று நிற்பதற்கு இது ஒரு காரணம். பெயரை பேக்டிக்கில் போட்டுச் சமாளிக்கலாம். மாற்றிவிடுவது நல்லது.

## பெயரில் வரும் மேற்கோளை ரிப்ளேஸ் போட்டுச் 'சரிசெய்வது'

மற்றதையெல்லாம் மன்னித்துவிடலாம், இதை முடியாது.

தேடல் பெட்டியில் ஒருவர் ஓ'நீல் என்று அடிக்கிறார். ப்ரோக்ராம் அதை வாங்கி, இருபுறமும் மேற்கோள் வைத்து, க்வெரியின் வாலில் ஒட்டுகிறது.

வேர் பெயர் = 'ஓ'நீல்'

டேட்டாபேஸைப் பொறுத்தவரை மதிப்பு 'ஓ' என்பதோடு முடிந்தது. அடுத்து வரும் நீல் என்ன என்று அதற்குத் தெரியாது. மிஞ்சிய மேற்கோள் வேறு மூடாமல் நிற்கிறது. சின்டாக்ஸ் எரர். இதைச் சரிசெய்யச் சொல்லிப் புதியவர் ஒருவரிடம் கொடுங்கள். பத்தில் எட்டுப் பேர் ஒரே வழியில்தான் போவார்கள்: ஒற்றை மேற்கோள் வந்தால் இரண்டு ஒற்றை மேற்கோளாக மாற்ற ஒரு ரிப்ளேஸ். ஓ'நீல் இப்போது கிடைக்கிறார், புகாருக்கான டிக்கெட் மூடப்படுகிறது, எல்லோருக்கும் மகிழ்ச்சி.

வெளியாள் அடித்த எழுத்தைக் கட்டளையாகவே படித்துவிட்டேன் என்று டேட்டாபேஸ் கொடுத்த எச்சரிக்கை அது. அதற்கான மருந்து ஒரு மேற்கோளைக் கூட்டுவதோ குறைப்பதோ ஆகாது. ரிப்ளேஸ் எங்கெங்கே கைவிடும் என்று பாருங்கள்.

எண் ஃபீல்டில் மேற்கோளே தேவையில்லை. வேர் ஐடி = என்பதன் பின்னால் 15 என்று அடிக்கவேண்டிய இடத்தில் ஒருவர் 15 ஆர் 1=1 (ஆர் என்றால் 'அல்லது'; 1=1 எப்போதும் உண்மை) என்று அடித்தால் டேபிள் முழுவதும் வந்து விழும். ரிப்ளேஸுக்கு அங்கே மாற்ற ஒன்றுமே இல்லை.

மைஎஸ்கியூஎல்லில் பேக்ஸ்லாஷுக்கும் சிறப்புப் பொருள் உண்டு. ஒருவர் \' என்று அடித்தால் ரிப்ளேஸ் அதை \'' ஆக்கும். முதல் மேற்கோளைப் பேக்ஸ்லாஷ் விழுங்கிவிடும்; இரண்டாவது மேற்கோள் மதிப்பை மூடிவிடும். அதன் பின்னால் அவர் என்ன எழுதினாலும் அது கட்டளை.

அப்புறம் சேமித்துவைத்த டேட்டா. உள்ளே போகும்போது ரிப்ளேஸ் நடந்தது, டேபிளில் ஓ'நீல் சரியாகவே பதிந்தது. இரவில் ஓடும் ரிப்போர்ட் அந்தப் பெயரை டேபிளிலிருந்து எடுத்து இன்னொரு க்வெரியில் ஒட்டுகிறது. நம் டேபிளில் இருப்பதுதானே என்று அங்கே யாரும் ரிப்ளேஸ் போடுவதில்லை.

1998-லேயே வெளிப்படையாக எழுதப்பட்ட ஓட்டை இது. 2015 அக்டோபரில் பிரிட்டனின் டாக்டாக் தொலைத்தொடர்பு நிறுவனத்தில் 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரம் இந்த வழியாகத்தான் வெளியே போனது. அடுத்த ஆண்டு 4,00,000 பவுண்டு அபராதம் விழுந்தது. இன்னமும் ரிப்ளேஸைப் பார்க்கும்போது எரிச்சல் வராமல் என்ன செய்யும்?

செய்யவேண்டியது பாராமீட்டர். க்வெரியில் மதிப்பு வரும் இடத்தில் ஓர் இடக்குறி மட்டும் இருக்கும். மதிப்பு தனியாகப் போகும். மைஎஸ்கியூஎல், எஸ்கியூலைட்டில் ?, போஸ்ட்கிரெஸில் $1, ஆரக்கிளில் :பெயர், எஸ்கியூஎல் சர்வரில் @பெயர். ப்ரோக்ராமையும் டேட்டாபேஸையும் இணைக்கும் டிரைவருக்கு வேறு பழக்கமும் இருக்கலாம். அதன் கையேட்டில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பாராமீட்டருக்கு வந்த பிறகும் சில இடங்களில் சறுக்குகிறார்கள்.

இடக்குறியைச் சுற்றி மேற்கோள் போடக்கூடாது. '?' என்று எழுதினால் அது கேள்விக்குறி என்ற எழுத்து, அவ்வளவுதான்.

பைத்தானில் போஸ்ட்கிரெஸ் டிரைவரின் இடக்குறி %s போலவே இருக்கும். அதனால் க்வெரிக்கும் மதிப்புக்கும் நடுவே கமா போடவேண்டிய இடத்தில் % போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் பைத்தானே மதிப்பை உள்ளே ஒட்டிவிடுகிறது. பாராமீட்டர் என்று நினைத்துக்கொண்டு பழைய குழியிலேயே நிற்கிறீர்கள். எஸ்கியூலைட்டில் இன்னொரு வேடிக்கை: ஒற்றை மதிப்பை டப்புளாக்காமல், அதாவது (பெயர்,) என்ற கடைசிக் கமா இல்லாமல் கொடுத்தால், ஸ்ட்ரிங்கின் ஒவ்வொரு எழுத்தும் ஒரு மதிப்பாக எண்ணப்படும். 1 மதிப்பு வேண்டும், 4 வந்திருக்கிறது என்று எரர் சொன்னால், நீங்கள் தேடிய சொல்லில் எத்தனை எழுத்து என்று எண்ணிப் பாருங்கள்.

சொல்லின் ஒரு பகுதியைத் தேட உதவும் லைக்கில் % க்வெரிக்குள் வரக்கூடாது, மதிப்போடு சேர்ந்து போகவேண்டும். ஆள் அடிக்கும் % மற்றும் _ இரண்டும் லைக்குக்குச் சிறப்புக் குறிகள் என்பதால், 100% என்று தேடுகிறவருக்கு 1000-உம் வந்து நிற்கும். எஸ்கேப் என்ற சொல்லை அதற்காகவே வைத்திருக்கிறார்கள்.

இன் (IN) பட்டியலுக்கு எத்தனை மதிப்போ அத்தனை இடக்குறி. ஒரே ? வைத்து '1,2,3' என்று அனுப்பினால், எண் ஃபீல்டில் மைஎஸ்கியூஎல் அதை 1 என்று படித்துக்கொண்டு ஒரே ஒரு வரிசையைத் தரும். எரர் கிடையாது. பட்டியல் காலியாக இருந்தால் இன் () என்பது மைஎஸ்கியூஎல்லிலும் போஸ்ட்கிரெஸிலும் சின்டாக்ஸ் எரர்; ஆகவே க்வெரியை அனுப்பும் முன்பே பட்டியல் காலியா என்று பார்த்துவிடுங்கள்.

டேபிள் பெயருக்கும் ஆர்டர் பை ஃபீல்டுக்கும் பாராமீட்டர் வேலை செய்யாது. மைஎஸ்கியூஎல்லில் ஆர்டர் பை ? என்று எழுதினால் எரர்கூட வராது, வரிசைப்படுத்தல் மட்டும் நடக்காது. அங்கே அனுமதிக்கப்பட்ட பெயர்களின் பட்டியல் ஒன்றைக் கோடிலேயே வைத்து, வந்த சொல் அதில் இருந்தால் மட்டும் பட்டியலிலுள்ள பெயரை எடுத்து ஒட்டுங்கள்.

## பாராமீட்டருக்குள் இன்னொரு மொழி

உரை முழுவதிலும் சொற்களைத் தேடும் ஃபுல்-டெக்ஸ்ட் தேடலில் இது பலரையும் குழப்பும். பாராமீட்டர் சரி, க்வெரி சரி, ஆனாலும் சின்டாக்ஸ் எரர். காரணம், அனுப்பும் மதிப்பையே தேடல் இயந்திரம் ஒரு சின்ன மொழியாக மறுபடி பார்ஸ் செய்கிறது. போஸ்ட்கிரெஸின் டு_டிஎஸ்க்வெரியிடம் 'சிவப்பு காலணி' என்று கொடுத்தால், இரண்டு சொற்களுக்கும் நடுவே & எங்கே என்று கேட்டு நிற்கும். ப்ளெயின்டு_டிஎஸ்க்வெரி அந்த &-ஐத் தானே போட்டுக்கொள்ளும். பதிப்பு 11 முதல் வெப்சர்ச்_டு_டிஎஸ்க்வெரி இருக்கிறது. அதற்கு எதைக் கொடுத்தாலும் சின்டாக்ஸ் எரர் வராது. பொதுமக்கள் அடிக்கும் தேடல் பெட்டிக்கு அதுதான்.

மைஎஸ்கியூஎல்லில் டேபிள்களைச் சேமிக்கும் இன்னோடிபியில், குறிகளால் நிபந்தனை சொல்லும் பூலியன் மோடு தேடலுக்கு மின்னஞ்சல் முகவரியை அப்படியே கொடுத்தால் @ குறியில் இடிக்கும். எஸ்கியூலைட்டின் ஃபுல்-டெக்ஸ்ட் பகுதியான எஃப்டிஎஸ்5-இல் சொல்லுக்கு நடுவே ஹைஃபன் வந்தாலே போதும், எரர்தான். சொல்லை இரட்டை மேற்கோளுக்குள் வைத்து, உள்ளே இருக்கும் இரட்டை மேற்கோளை இரட்டிப்பாக்கி அனுப்புங்கள். எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் இயந்திரத்தில் க்வெரி_ஸ்ட்ரிங் இருக்கும் இடத்தில் சிம்பிள்_க்வெரி_ஸ்ட்ரிங் போடுங்கள். தப்பான பகுதியை அது ஒதுக்கிவிட்டுத் தேடும்.

## செமிகோலன்

ஆரக்கிளுக்கு ப்ரோக்ராமிலிருந்து அனுப்பும் செலெக்டின் கடைசியில் வேண்டாம். போட்டால் எரர்தான்; பல பதிப்புகளில் அது ஓஆர்ஏ-00911 என்று வரும்.

## லிமிட்

எத்தனை வரிசை வேண்டும் என்று சொல்லும் லிமிட் எல்லா டேட்டாபேஸிலும் கிடையாது. எஸ்கியூஎல் சர்வரில் டாப். ஆரக்கிளில் 12சி முதல் ஃபெட்ச் ஃபர்ஸ்ட்.

## எரரே வராதவை

செலெக்ட் பெயர் வயது ஃப்ரம் மாணவர் என்று நடுவே கமா இல்லாமல் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் ஓடும். பெயர் ஃபீல்டுக்கு 'வயது' என்று செல்லப்பெயர் வைத்துவிட்டதாக டேட்டாபேஸ் எடுத்துக்கொள்ளும். வயது என்ற தலைப்பின் கீழே பெயர்கள் வரும். அடைப்புக்குறி இல்லாமல் அண்டையும் ஆரையும் கலந்தால் அண்ட்தான் முதலில் சேரும். அதனால் ஊர் = 'மதுரை' ஆர் ஊர் = 'தேனி' அண்ட் வயது > 60 என்பது மதுரைக்காரர்கள் எல்லோரையும் வயது பாராமல் கொண்டுவரும். = நல் (NULL, மதிப்பே இல்லாதது) எதையும் கொண்டுவராது; இஸ் நல் என்று எழுதவேண்டும்.

## லாகைப் பார்க்காமல் விடுவது

பாராமீட்டர் ஒழுங்காக இருக்கும் சிஸ்டத்தில், மேலே பார்த்த இன் பட்டியலும் ஆர்டர் பையும் தவிர, க்வெரியின் எழுத்து மாறுவதே இல்லை. ஆகவே, ஒருமுறை ஓடிய க்வெரி நேரடிப் பயன்பாட்டில் திடீரென்று 1064 அல்லது 42601 தந்தால், அப்கிரேடு எதுவும் நடக்காத பட்சத்தில், காரணம் இரண்டில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்: எங்கோ யாரோ இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள், அல்லது மேலே சொன்ன ஃபுல்-டெக்ஸ்ட் மொழி இடிக்கிறது. எரர்கள் பதிவாகும் லாகில் இந்த எண்களைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் அப்போது தேடல் பெட்டியில் என்ன அடிக்கப்பட்டது என்று பாருங்கள். சோதனைக்கு ஆறு உள்ளீடுகள் போதும்: ஓ'நீல், தனியாக ஒரு ஒற்றை மேற்கோள், ஒரு பேக்ஸ்லாஷ், 100%, ஹைஃபனும் @-உம் உள்ள ஒரு சொல், வெற்றுப் பெட்டி. ஒவ்வொரு தேடல் பெட்டியிலும் இந்த ஆறையும் போட்டுப் பார்த்த பிறகு டிக்கெட்டை மூடுங்கள்.