கடைக்காரங்க "சஸ்டெயினபிள்"னு சொன்னா அதை எப்படி செக் பண்றது?

பெரிய ரீடெய்ல் கம்பெனி எதோட வெப்சைட்டுக்குப் போனாலும் பச்சை இலை படத்தோட "நாங்க பூமியைக் காப்பாத்துறோம்"னு ஒரு பக்கம் இருக்கும், அதை நம்புறதா வேண்டாமானு முழிக்கிறவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன். அந்த கம்பெனியோட சஸ்டெயினபிலிட்டி ரிப்போர்ட்டை (சுற்றுச்சூழலுக்காக என்ன பண்றோம்னு அவங்களே போடுற அறிக்கை) டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க.

ஸ்டெப் 1: அவங்க சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதிக்கோங்க. "இயற்கைக்கு உகந்தது"ன்னா அதுல சரிபார்க்க ஒண்ணுமே இல்ல, "இந்தச் சட்டைல 60% ரீசைக்கிள்டு பாலியஸ்டர்"னா பிடி கிடைச்சாச்சு. ஆதாரமில்லாம "இயற்கைக்கு உகந்தது"னு பொத்தாம்பொதுவா போடுறதுக்கு ஐரோப்பிய யூனியன் தடைச்சட்டமே போட்டிருக்கு, அமல் தேதி 2026 செப்டம்பர் 27.

ஸ்டெப் 2: அது ஒரு கலெக்‌ஷனுக்கா, விக்கிற மொத்த சரக்குக்குமானு பாருங்க.

ஸ்டெப் 3: இதுதான் முக்கியம், நிதானமா பண்ணுங்க. ரிப்போர்ட்ல ஸ்கோப் 1, 2, 3னு தேடுங்க, பூமியைச் சூடாக்குற புகை எங்கிருந்து வருதுன்னு பிரிச்ச மூணு வகை அது. 1ன்னா கம்பெனி நேரா எரிக்கிற எரிபொருள், 2ன்னா வாங்குற கரண்ட், 3ன்னா பஞ்சு விளையுற வயல், சப்ளையர் ஃபேக்டரி, கப்பல்னு ஆரம்பிச்சு நாம வீட்ல துவைக்கிறது வரைக்கும் எல்லாமே. ரீடெய்ல்ல பெரும்பங்கு புகை இந்த 3லதான், அதனால "எங்க கடைங்க எல்லாமே சோலார்"ங்கிறது உண்மையாவே இருந்தாலும் அது சின்னத் துண்டுதான். அடுத்து, குறைச்சது ஒரு பொருளுக்கா மொத்தத்துலயா? சட்டைக்கு 20% குறைச்சுட்டு 50% அதிகமா சட்டை வித்தா மொத்தப் புகை 20% ஏறித்தான் இருக்கும். எந்த வருஷத்தோட ஒப்பிடுறாங்கன்னும் பாருங்க, வியாபாரம் உச்சத்துல இருந்த வருஷத்தை எடுத்துக்கிட்டா எல்லாமே குறைஞ்ச மாதிரிதான் தெரியும்.

ஸ்டெப் 4: லேபிள். கம்பெனியே டிசைன் பண்ண முத்திரையை நான் கணக்குலயே எடுக்க மாட்டேன். வெளி அமைப்போட முத்திரைன்னா அதோட விதியைப் படிங்க: ஜிஓடிஎஸ்ல (ஆர்கானிக் துணிக்கான சர்வதேச முத்திரை) "ஆர்கானிக்"னு போட 95% ஆர்கானிக் நூல் வேணும், "மேட் வித் ஆர்கானிக்"னு போட 70% போதும்.

பொருள் பேரையும் விடாதீங்க. மூங்கில் துணின்னு சொல்லி ரேயானை (மரக்கூழை கெமிக்கல்ல கரைச்சு செய்யுற செயற்கை நூல்) வித்ததுக்கு 2022ல அமெரிக்காவோட நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசி நடவடிக்கை எடுத்து, வால்மார்ட், கோல்ஸ்ங்கிற ரெண்டு கடை கம்பெனிகளும் சேர்ந்து 55 லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்துச்சு, மூங்கிலை ரேயானாக்க நச்சு கெமிக்கல் வேணும், அதைப் போய் பச்சைன்னு வித்திருக்காங்க.

இவ்ளோ தேடியும் நம்பர் கிடைக்கலையா? ஸ்டெப் 1ல எழுதின வாக்கியத்தை அப்படியே கஸ்டமர் கேருக்கு மெயில் போட்டு ஆதாரம் கேளுங்க.