17ஆம் எண் டோக்கன் யாருடையது? டைம்அவுட்டில் ஒளிந்திருக்கும் ரேஸ் கண்டிஷன்

தாம்பரம் ரயில் நிலையத்தருகே நான் வண்டி விடும் இடத்தில் தகர டோக்கன் தருவார்கள். வண்டியை எடுத்ததும் அதே டோக்கன் அடுத்தவர் கைக்குப் போய்விடும். ஒருநாள், கெடு தாண்டிய வண்டிகளின் எண்களைச் சீட்டில் குறித்துவிட்டு டீ குடிக்கப் போனார் காவல்காரர். திரும்பி வந்து 17ஆம் எண்ணை வெயிலில் தள்ளினார். அவர் குறித்த வண்டி எப்போதோ போய்விட்டது. தள்ளியது நான் அப்போதுதான் நிறுத்தியதை.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலிலும் இதே கதைதான். வட்டுக்குப் போகும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் 'டேக்' என்றொரு எண் உண்டு. வேலை முடிந்ததும் அந்த எண் வேறு கோரிக்கைக்குப் போகும். ஸ்கஸி (SCSI, வட்டுகளோடு பேசும் ஒரு நெறிமுறை) வட்டில் பதிலுக்குக் காத்திருக்கும் வழக்கமான கெடு 30 வினாடி; அது தாண்டினால் டைம்அவுட். பதில் வரும் கணத்திலேயே கெடுவும் தீர்ந்தால் வம்பு: யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்து விளைவே மாறிவிடும். இதைத்தான் ரேஸ் கண்டிஷன் என்பார்கள்.

முதலில் பிழையைக் கண்ணால் பாருங்கள். சி மொழியில் சிறிய நிரல் போதும். கோரிக்கைக்கு மூன்று களங்கள்: நிலை, கெடு, எண்ணி (கோரிக்கையை இப்போது எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற கணக்கு). நிலை என்பது ஓய்வு, பயணம், முடிவு ஆகிய மூன்றில் ஒன்று. ஒரு திரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் ஓர் இழை) வட்டாக நடிக்கட்டும்: கோரிக்கையை முடித்து, அதே இடத்தில் புதியதைப் போடட்டும். இன்னொரு திரெட் காவல்காரர்: கெடு தாண்டியதைப் பார்த்து ரத்து செய்வார். பார்ப்பதற்கும் ரத்து செய்வதற்கும் நடுவே அவரை 50 மில்லிவினாடி தூங்க வையுங்கள். எப்போதாவது வரும் பிழை இப்போது அடிக்கடி வரும்.

அடுத்து, நிலையை அணு மாற்றத்தால் (சரிபார்ப்பதும் மாற்றுவதும் இடையில் யாரும் புக முடியாத ஒரே செயல்) மாற்றுங்கள்: 'பயணம்' என்று இருந்தால் மட்டுமே 'முடிவு' ஆகலாம். இருவர் ஒரே நேரத்தில் முயன்றால் ஒருவர்தான் வெல்வார்.

இத்துடன் தீர்ந்தது என்று நானும் நம்பினேன். நிரலை ஓட்டினால் பிழை அப்படியே இருந்தது! காரணம், காவல்காரர் தூங்கிய நேரத்தில் பழைய கோரிக்கை முடிந்து, புதியது வந்து, நிலை மறுபடி 'பயணம்' ஆகிவிட்டது. அணு மாற்றம் ஒழுங்காகவே வென்றது, ஆனால் தவறான கோரிக்கையின் மேல்.

ஆகவே எண்ணி. கோரிக்கை பிறக்கும்போது எண்ணி 1. காவல்காரர் முதலில் எண்ணியை ஒன்று கூட்ட வேண்டும்; சுழியாக இருந்தால் தொடாமல் நகர வேண்டும். கூட்டிய பிறகு நிலையையும் கெடுவையும் மறுபடி படிக்க வேண்டும், ஏனெனில் கையில் சிக்கியது புதியதாகவும் இருக்கலாம். கெடு உண்மையிலேயே தாண்டியிருந்தால் மட்டும் அணு மாற்றம். பிறகு எண்ணியைக் குறைக்க வேண்டும். வட்டுத் திரெட்டும் தன் வேலை முடிந்ததும் குறைக்கும். சுழியாக்குபவரே டேக்கைத் திருப்பித் தருவார். பிடித்த பிறகு சரிபார்ப்பது என்ற இந்த வரிசையை மாற்றினால் 17ஆம் எண் மறுபடி வெயிலுக்குப் போகும்.

கெர்னலும் ஒரே தாவலில் இங்கு வரவில்லை. 2018இல் 4.16ஆம் பதிப்பு, கோரிக்கையின் இடம் மறுபடி பயன்படும்போதெல்லாம் மாறும் தலைமுறை எண் கொண்டு சமாளித்தது. அதே ஆண்டு 4.18 அதை நீக்கிவிட்டு எண்ணிக்கு வந்தது. எனக்கும் எண்ணிதான் பிடிக்கும், படித்தால் புரிகிறது.

நிஜக் கெர்னலில் சோதிக்க விரும்பினால் ஒரு மெய்நிகர் இயந்திரத்தில் ஸ்கஸி டீபக் (scsi_debug) மாட்யூலை ஏற்றுங்கள்; அது பொய் வட்டாக நடிக்கும் கெர்னல் துணுக்கு. இத்தனையாவது கட்டளைக்குப் பதிலே சொல்லாதே என்று அதற்குக் கட்டளையிடலாம். 30 வினாடிக் கெடுவை 2 ஆகக் குறைத்துவிடுங்கள். இல்லையென்றால் காத்திருந்தே பொழுது போய்விடும்.