மைனஸ் 19-ஐத் தாண்டி வந்த பனையிலிருந்து விதை எடுப்பது

2021 பிப்ரவரி 16 காலையில் டாலஸ் விமான நிலையத்தில் மைனஸ் 19 டிகிரி செல்சியஸ் பதிவானது. 1949-க்குப் பிறகு இந்த ஊர் அப்படியொரு குளிரைப் பார்த்ததில்லை. அதற்கு முந்தைய சில நாட்களும் பகலில்கூட உறைநிலைக்கு மேல் ஏறவில்லை. டாலஸை ஒட்டிய பிளேனோவில் எங்கள் வீட்டைச் சுற்றி, குளிர் தாங்கும் விசிறி இலைப் பனையான விண்ட்மில் பனைகள் ஐந்து நின்றன. மூன்று வாரம் கழித்து ஒவ்வொன்றின் நடுக்குருத்தையும் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தேன். மூன்றில் குருத்து கையோடு வந்துவிட்டது. அதன் அடி பழுப்பாகக் குழைந்து, புளித்த கள் வாடை அடித்தது. இரண்டு மரங்களில் குருத்து அசையவே இல்லை.

உடன்குடிக்குப் போன் போட்டு அப்பாவிடம் சொன்னேன். அவர் முதலில் கேட்டது: "ஏலே, பொழச்சது ரெண்டும் பருவப்பனையா, அலகுப்பனையா?" பருவப்பனை என்றால் பெண், அலகுப்பனை என்றால் ஆண். நம்ம ஊர்ப் பனை போலவே விண்ட்மில் பனையிலும் பெரும்பாலும் ஆண் வேறு, பெண் வேறு. அப்பா கேட்ட பிறகுதான், தப்பிய மரத்தைக் காப்பாற்றுவதோடு நிறுத்தாமல் அதிலிருந்து ஒரு வம்சம் எடுக்கலாமே என்று எனக்குத் தோன்றியது. குளிர் பிரதேசத்தில் பனை வளர்க்க ஆசைப்படுபவர்களுக்காக அதை எப்படிச் செய்கிறேன் என்று எழுதுகிறேன்.

முதலில் தாய் மரம். பலரும் தவறுவது இங்கேதான். என்னிடம் தப்பிய இரண்டில் ஒன்று வீட்டின் தெற்குச் சுவரை ஒட்டி, புகைபோக்கிக்குப் பக்கத்தில் நின்றது. பகல் வெயிலில் சூடேறும் செங்கல்லும் வீட்டுக்குள்ளிருந்து கசியும் வெப்பமும் அதற்குக் கிடைத்தன. அது பிழைத்ததற்குச் சுவர் காரணமா, மரம் காரணமா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. மற்றது வடக்கு வேலியோரம், காற்று நேராக அறையும் இடத்தில், எந்தப் போர்வையும் இல்லாமல் நின்றது. இலை முழுக்கக் கருகியும் குருத்தைக் காப்பாற்றிக்கொண்டது. அதுதான் தாய் மரம். இன்னொன்றையும் பாருங்கள்: செத்ததும் பிழைத்ததும் ஒரே வயது, ஒரே பருமனாக இருந்தால்தான் ஒப்பீடு செல்லும். தடித்த மரம் எப்போதும் கன்றைவிட அதிகம் தாங்கும்.

குருத்தழுகல் வந்த மரத்தை உடனே வெட்டிவிட வேண்டாம். பனைக்கு வளர்முனை ஒன்றுதான். அது அழுகாமல் மிஞ்சியிருந்தால் கோடையில் கோணல்மாணலாக ஒரு இலையாவது வெளியே வரும். அழுகிய பகுதியை வழித்தெடுத்துவிட்டுத் தாமிரப் பூஞ்சைக்கொல்லி ஊற்றினேன். மூன்றில் ஒன்று ஜூலையில் மீண்டது. ஆனால் அதை விதைக்கு எடுக்கவில்லை.

அடுத்தது தகப்பன் மரம். பெண் மரம் எவ்வளவு குளிர் தாங்கினாலும், எங்கிருந்தோ வந்த மகரந்தம் விழுந்தால் பாதிப் பரம்பரை நம் கையில் இல்லை. எனக்கு வாய்த்தது வேலியோரப் பெண் மரம். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டு முன்புல்வெளியில், சுவர் எதுவும் பக்கத்தில் இல்லாமல், ஓர் ஆண் மரம் அதே குளிரில் தப்பி நின்றது. கதவைத் தட்டிக் கேட்டேன், மகிழ்ச்சியாகவே சம்மதித்தார்கள்.

அந்த ஆண்டு வசந்தத்தில் இரண்டுமே பூக்கவில்லை. இலை இழந்த மரம் முதலில் இலையைத்தான் பார்க்கும். 2022 ஏப்ரலில்தான் பாளை வந்தது. ஆண் பாளை அடர்ந்த மஞ்சள். பெண் பாளை பச்சை கலந்து, கொஞ்சம் கலைந்தாற்போல் இருக்கும். ஆண் பாளையில் முதல் சில பூக்கள் விரிந்ததும் ஒரு கிளையை வெட்டி, வீட்டுக்குள் செய்தித்தாளில் ஒரு நாள் பரப்பி வையுங்கள். மறுநாள் கிளையைத் தட்டினால் தாளில் மஞ்சள் மாவு உதிரும். டீ வடிகட்டியில் சலித்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு சிறு புட்டியில் மூடி வைக்கலாம். சில நாளில் பயன்படுத்துவதென்றால் ஃப்ரிட்ஜ் போதும். பெண் மரம் தாமதமாகப் பூக்குமென்றால் ஃப்ரீசரில் வையுங்கள்.

பெண் பாளையை அது வெடிப்பதற்கு முன்பே மூட வேண்டும். நெருக்கமான பருத்தித் துணியை இரட்டை மடிப்பாகப் பை தைத்து மாட்டி, காம்பைச் சுற்றிப் பஞ்சு வைத்துக் கயிற்றால் இறுக்கினேன். வலைத்துணிப் பை வேண்டாம், மகரந்தம் அதில் தாராளமாக நுழையும். உள்ளே பூ விரிந்து சூல்முடி ஈரமாக மின்னத் தொடங்கியதும், காலை பத்து மணி வாக்கில் பையைக் கொஞ்சமாகத் திறந்து தூரிகையால் மகரந்தம் பூசி உடனே மூடினேன். ஒரே நாளில் எல்லாப் பூவும் தயாராகாது, அதனால் நான்கு நாள் தொடர்ந்து பூசினேன். தென்னையில் நெட்டையையும் குட்டையையும் கலப்பினம் செய்பவர்கள் மகரந்தத்தோடு டால்கம் பவுடர் கலப்பார்கள். நானும் அப்படித்தான் செய்தேன், வாசனை சேர்க்காத பவுடர். கொஞ்சம் மகரந்தம் நிறையப் பூவுக்கு வரும். கடைசிப் பூச்சுக்குப் பிறகு பத்து நாள் கழித்துப் பையைக் கழற்றி, காம்பில் தேதி எழுதிய அலுமினியத் தகடு கட்டினேன்.

டிசம்பரில் காய்கள் கருநீலமாகி மேலே சாம்பல் பூத்தன. சிறுநீரக வடிவக் காய். சதையைக் கையுறை போட்டுத் தேய்த்துக் கழுவி, தினம் தண்ணீர் மாற்றி இரண்டு நாள் ஊறப்போட்டு, மிதந்ததை எறிந்தேன். ஈரமான தென்னைநார்த் தூளில் கலந்து ஜிப் பையில் போட்டு, வாட்டர் ஹீட்டர் அறையில் 25 டிகிரி வாக்கில் வைத்தேன். 310 விதையில் 228 முளைத்தன. முதல் முளை ஆறாவது வாரம், கடைசி முளை நான்காவது மாதம். விதையைக் காயவிடாதீர்கள். பழைய விதை முளைப்பது குறைவு.

ஒட்டுக்கட்டியோ பதியன் போட்டோ இந்தப் பனையைப் பெருக்க முடியாது, பக்கக்கன்றும் விடாது. அதனால் ஒவ்வொரு விதையும் ஒரு தனி ஆள். 'பல்கேரியா' மாதிரிப் பெயர் போட்டு விற்கும் விதையும் அப்படித்தான். பெயரில் மயங்காமல் கன்றைப் பாருங்கள். இமயமலைக் குமாவுன் பகுதியில், பனி விழும் தல்கேதார் மலையில் வளரும் தாகில் பனை என்று விற்கப்பட்டவற்றிலும் பல, சாதாரண விண்ட்மில் பனையாக இருந்திருக்கின்றன.

இனி தேர்வு. முதல் இரண்டு ஆண்டு குளிரில் சோதிக்காதீர்கள். தொட்டியில் வேர் எல்லாப் பக்கமும் உறையும், நல்ல கன்றும் வீணாகச் சாகும். 2024 ஜனவரியில் என் தெர்மாமீட்டர் மைனஸ் 12 காட்டியபோது எல்லாத் தொட்டியையும் கராஜுக்குள் ஏற்றினேன். அந்த இரண்டு ஆண்டில் வெளிறியதையும் நோஞ்சானையும் மட்டும் கழித்தேன். மூன்றாவது வசந்தத்தில் 120 கன்றுகளைத் திறந்த இடத்தில் மூன்றடி இடைவெளியில் நட்டேன். ஒவ்வொரு பத்துக்கும் நடுவே கடையில் வாங்கிய சாதாரண விண்ட்மில் கன்று ஒன்று. இந்த ஒப்பீட்டுக் கன்று இல்லாமல் நடந்தது குளிரா, கன்றின் குணமா என்று தெரியாது. கடைக்கன்றும் நம் கன்றும் சேர்ந்தே பிழைத்தால் அந்தக் குளிர்காலம் எதையும் சொல்லவில்லை என்று அர்த்தம்.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்ச வெப்பநிலை மட்டும் போதாது. எத்தனை மணி நேரம் உறைநிலைக்குக் கீழே இருந்தது, முந்தைய வாரம் வெதுவெதுப்பாக இருந்ததா, மழையா உலர் குளிரா என்றும் எழுதுங்கள். 2022 டிசம்பரில் சில மணி நேரத்துக்குள் சட்டென்று இறங்கிய மைனஸ் 12, மெதுவாக இறங்கும் அதே மைனஸ் 12-ஐவிட மோசமாக அடித்தது. மரத்துக்குப் பழக நேரம் கிடைக்கவில்லை. மார்ச்சில் இலை எத்தனை பங்கு கருகியது, குருத்து உறுதியா என்று பாருங்கள். ஜூன் முடிவில் புது இலைகளை எண்ணுங்கள். நான் ஜூன் கணக்கைத்தான் நம்புகிறேன். முக்கால்வாசி கருகியும் நான்கு புது இலை விடும் கன்று, பச்சையாகவே நின்று குருத்தில் அழுகும் கன்றைவிட மேல்.

இலை கெட்டியாக, சிறியதாக வேண்டுமென்றால் விண்ட்மில் பனையிலேயே வாக்னேரியானஸ் என்ற வகையின் மகரந்தத்தைப் பயன்படுத்திப் பாருங்கள். பனிப்பொழிவின் பாரத்தையும் காற்றையும் அதன் இலை நன்றாகத் தாங்கும். இவ்வளவு பொறுமை இல்லாதவர்களுக்குச் சபால் மைனர் என்ற குட்டைப் பனை உண்டு. அதன் தண்டு மண்ணுக்குள்ளேயே இருப்பதால் வளர்முனைக்கு மண்ணே போர்வை. ஓக்லஹோமாவின் மெக்கர்ட்டன் கவுண்டியில் வளரும் இனத்தின் விதை கிடைத்தால் விடாதீர்கள். நீடில் பனை இன்னும் குளிர் தாங்கும், பக்கக்கன்றும் விடும், ஆனால் புதராகத்தான் நிற்கும். பூட்டியா பனையையும் குயீன் பனையையும் கலப்பினம் செய்த மியூல் பனை மிக அழகு; டாலஸ் குளிருக்குப் போதாது, ஹூஸ்டன்காரர்கள் முயலலாம்.

சுவிட்சர்லாந்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தெற்கே டிசினோ மாநிலத்தின் காடுகளில் விண்ட்மில் பனை தானாகப் பரவிவிட்டதால், 2024 செப்டம்பரிலிருந்து நாடு முழுக்க அதை விற்கத் தடை. பறவைகள் விதையைக் கொண்டுபோகும். அங்கே ஏற்கெனவே பெண் மரம் வைத்திருப்பவர்கள் காய் பழுக்கும் முன்பே பாளையை வெட்டிவிடுங்கள். நானும் விதைக்குத் தேவையான இரண்டு பாளையை விட்டுவிட்டு மற்றதை ஆகஸ்டிலேயே வெட்டிவிடுகிறேன்.

வரிசையில் 43-ஆம் எண் கன்றுக்குப் பக்கத்தில் நோட்டில் இரண்டு முறை வட்டம் போட்டிருக்கிறேன். அது ஆணா பெண்ணா என்று தெரிய இன்னும் சில ஆண்டுகள் ஆகும். அப்பா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் கேட்கிறார்.