ஆய்வுக் கட்டுரையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: பாரதியின் ஒரு வரி போதும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தமிழில் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்கள் குறைவு. அந்தக் கொஞ்சம் பேர் எழுதுவதும் தமிழ் படிக்கத் தெரிந்த நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் புரியவில்லை என்றால் மனம் வலிக்கிறது. கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஒப்பந்தத்தில் கப்பலேறி வந்த அவர்களுடைய பாட்டன் பூட்டன் கதைதானே அது.

கரும்புத் தோட்டத்தைப் பற்றி எழுதும்போது இப்படி ஒரு வாக்கியம் எளிதாக வந்துவிடும்: "உழைப்புச் சுரண்டலின் விளைவாகத் தொழிலாளரிடையே கடும் சோர்வுநிலை நிலவியமை அறியப்படுகிறது." பிஜித் தீவின் தோட்டப் பெண்களைப் பாடிய பாரதியோ, "கால்களும் கைகளும் சோர்ந்து விழும்படி வருந்துகின்றனரே" என்கிறார். காலும் கையும் கண்ணுக்குத் தெரிகின்றன. 'சோர்வுநிலை'யை யார் பார்த்தார்கள்? வினையாக வர வேண்டியதை 'நிலை', 'தன்மை', 'மயமாக்கல்' என்று பெயர்ச்சொல்லாக்கி அடுக்குவதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. அந்தச் சொற்களின் அடியில் கோடு போட்டு, யார் என்ன செய்தார் என்று கேளுங்கள். பாதி வாக்கியங்கள் தாமாகவே சுருங்கிவிடும்.

அப்புறம், ஆளை மறைப்பது. "தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டனர்" என்றால், கொண்டுவந்தது யார்? கரும்பு முதலாளிகள் ஆள் கேட்டார்கள். டர்பன் அடங்கிய நேட்டால் என்ற பிரிட்டிஷ் காலனியின் அரசு ஏற்பாடு செய்தது. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் வந்து சேர்ந்தது. இப்படி எழுதினால் பொறுப்பு யாருடையது என்று தெரிகிறது.

கவிதையிடம் கற்கலாம் என்றதும் சிலர் 'கண்ணீர்க் கடல்', 'வியர்வை வரலாறு' என்று அலங்காரம் செய்யத் தொடங்குகிறார்கள். அது வேண்டாம். கவிஞரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது கண்ணில் படும் பொருளைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம். ஆய்வாளருக்குப் பல சமயம் ஓர் எண்ணே அந்த வேலையைச் செய்துவிடும். ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல், மறு ஒப்பந்தமும் செய்யாமல் தங்கியவர் மீது 1895-ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி போட்டது. ஒப்பந்தத்தின் முதலாண்டுக் கூலியோ மாதம் 10 ஷில்லிங். 20 ஷில்லிங் ஒரு பவுண்டு என்றால், ஆண்டுக்கு 6 பவுண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்தாலே போதும், 'பொருளாதார நெருக்கடி' என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

நீள வாக்கியத்தை வாய்விட்டுப் படித்தாலே எங்கே வெட்ட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவிதை வழியில் போகக் கூடாது. ஒரே பொருளுக்கு அழகுக்காகச் சொல்லை மாற்றி மாற்றிப் போடாதீர்கள். முதல் பத்தியில் 'ஒப்பந்தத் தொழிலாளர்', அடுத்ததில் 'குடியேறிகள்', பிறகு 'புலம்பெயர்ந்தோர்' என்றால் வாசகர் குழம்புவார். சொந்தச் செலவில் கப்பலேறி வந்த வணிகர்களும் நேட்டாலில் இருந்தார்களே. எழுதுவது அவர்களைப் பற்றியா, கரும்பு வெட்டியவர்களைப் பற்றியா?