ஆட்டு மூளையை வீட்டிலேயே அறுத்துப் பார்ப்பது எப்படி?

மூளையின் படத்தை எத்தனை முறை வரைந்தாலும் எது எதற்குப் பின்னால் இருக்கிறது என்பது பிடிபடாது. மட்டன் கடையில் ஒரு மூளை வாங்கி அறுத்துப் பார்த்தால் புரிந்துவிடும். கடையில் பெரும்பாலும் தலையை இரண்டாகப் பிளந்துதான் மூளையை எடுப்பார்கள். அதனால் காலையிலேயே போய், "உடையாம முழுசா வேணும்ணே" என்று சொல்லி வையுங்கள்.

புது மூளை வெண்ணெய் மாதிரி குழையும், கத்தி பட்டாலே நசுங்கும். ஆய்வகங்களில் ஃபார்மலினில் போட்டு இறுக வைப்பார்கள். வீட்டுக்கு அது வேண்டவே வேண்டாம், புற்றுநோய் அபாயம் உள்ளது. மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட் போதும். கண்ணாடி பாட்டிலின் அடியில் பஞ்சு விரித்து, மூளை முழுகும்படி ஊற்றி, நாலைந்து நாள் வையுங்கள். நடுவில் ஒருமுறை ஸ்பிரிட்டை மாற்றுங்கள். எளிதில் தீப்பற்றும், அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள். அப்புறம், இந்த மூளை வறுவலுக்கு ஆகாது!

கையுறை போட்டுக்கொண்டு எடுங்கள். தடித்த டியூரா மேட்டர் உறை பெரும்பாலும் மண்டையோட்டிலேயே தங்கிவிடும். மேலே ரத்தக்குழாய்களோடு ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வை மட்டும் இடுக்கியால் உரியுங்கள்.

சரி, இப்போது கவிழ்த்துப் பாருங்கள். முன்னால் இரண்டு நுகர்ச்சிக் குமிழ்கள். மூளையின் அளவோடு ஒப்பிட்டால் நம்முடையதைவிடப் பெரியவை. சற்றுப் பின்னால் பெருக்கல் குறி போல பார்வை நரம்புகள் குறுக்கிடும். மனிதரில் ஏறக்குறைய பாதி இழைகள்தான் எதிர்ப்பக்கம் போகும். கண்கள் பக்கவாட்டில் உள்ள ஆட்டில் பெரும்பாலானவை போய்விடும்.

நிமிர்த்தி, சிறுமூளையை மெதுவாகக் கீழே வளையுங்கள். இடுக்கில் நடுமூளையின் நான்கு சிறு மேடுகளும், அவற்றுக்கு முன்னால் பினியல் சுரப்பியும் தெரியும். இருட்டில் மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரப்பது இதுதான். ஆட்டின் இனப்பெருக்கப் பருவம் பகல் நீளத்தைப் பின்பற்றுவதும் இதன் வழியாகத்தான். வெட்டிய பிறகு இதைத் தேடினால் பாதிதான் மிஞ்சும், அதனால் இப்போதே பார்த்துவிடுங்கள்.

அடுத்தது நடுவெட்டு. பலருக்கும் சொதப்புவது இங்கேதான். ஸ்கால்பெல் (அறுவைக் கத்தி) வேண்டாம், அதன் அலகு குட்டை, இரண்டு மூன்று முறை இழுக்க வேண்டியிருக்கும், உள்பக்கம் பிய்ந்துவிடும். நீளமான மெல்லிய கத்திதான் என் தேர்வு. அலகை ஸ்பிரிட்டில் நனையுங்கள். இரண்டு அரைக்கோளங்களுக்கு நடுவிலுள்ள பிளவைக் கட்டைவிரல்களால் விரித்தால், அடியில் அவற்றை இணைக்கும் கார்பஸ் கலோசம் வெள்ளைப் பட்டையாகத் தெரியும். அதன் நடுக்கோட்டில் கத்தியை வைத்து, முன்னிருந்து பின்னாக ஒரே இழுப்பு. ரம்பம் போல அறுக்காதீர்கள், அழுத்தவும் வேண்டாம்.

வெட்டு சரியாக விழுந்திருந்தால் கார்பஸ் கலோசம் வளைந்த வெள்ளைக் கோடாகத் தெரியும். அதன் கீழே, புலன்களின் செய்திகளை மேல்மூளைக்கு அனுப்பும் தலாமஸ். முதுகெலும்புப் பக்கமாக மூச்சையும் இதயத்துடிப்பையும் பார்த்துக்கொள்ளும் முகுளம். சிறுமூளைக்குள் வெள்ளை கிளைவிட்டுப் படர்ந்திருக்கும். வெள்ளையாக இருப்பது மையலின் என்ற கொழுப்பு உறை போர்த்திய ஆக்ஸான்கள், அதாவது நரம்பு செல்களின் நீண்ட இழைகள். சாம்பல் நிறத்தில் நியூரான்களின் (நரம்பு செல்களின்) செல் உடல்கள்.

பின்சேர்க்கை: பிளந்த மூளைதான் கிடைத்தது என்று சிலர் எழுதியிருந்தார்கள். பரவாயில்லை, பிளவு நடுவில் விழுந்திருந்தால் நேராகக் கடைசிப் படிக்கு வந்துவிடலாம். பார்வை நரம்புகளைக் காணோம் என்றால், எடுக்கும்போது அறுந்து மண்டையோட்டில் தங்கியிருக்கும். அடுத்த முறை கடைக்காரரிடம் கொஞ்சம் நீளமாக விட்டு வெட்டச் சொல்லுங்கள்.