கோயில் வீதியில் இசைக்குழு: நண்பர்களோடு முதல் தடவை போகிறவர்களுக்கு

ஏ.எல். சோதனை எழுதி முடித்த ஒன்றுவிட்ட தம்பி ஒருவன் போன கிழமை வீட்டுக்கு வந்தான். "அண்ணை, இந்த முறை நாங்கள் நாலு பேர் தனியாப் பாட்டுக்கோஷ்டி பாக்கப் போறம். அம்மா ஓமெண்டு சொல்லிட்டா. என்னென்ன கொண்டு போகவேணும்?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

வன்னியில் மேடைப் பாட்டை நேரில் கேட்க வேண்டுமென்றால் பெரும்பாலும் கோயில் வீதிக்குத்தான் போக வேண்டும். மணலில் விரித்த சாக்கில் இருந்துகொண்டு, முன்னால் ஒருவர் ட்ரம்ஸ் அடிப்பதை நெஞ்சில் உணர்ந்து கேட்பது வேறு. அதே பாட்டைப் போனில் கேட்பது வேறு. எங்கள் ஊர்ப் பெடியள் வாசிக்கிறதை எங்கள் ஊர்ச் சனம் முன்னுக்கு இருந்து கேட்க வேண்டும் என்பது என்னுடைய ஆசை.

முதலில்: எந்த இரவு, யாருடைய குழு

திருவிழா நோட்டீசைக் கையில் எடுத்து ஒவ்வொரு நாளின் உபயகாரரையும், அதாவது அந்த நாள் திருவிழாவைப் பொறுப்பெடுத்துச் செய்பவரையும், பாருங்கள். இசைக்குழுவைப் பிடிப்பதும் அதற்குக் காசு கொடுப்பதும் பெரும்பாலும் அந்த நாள் உபயகாரர்தான். கொடியேற்றத்தில் இருந்து தீர்த்தம் வரை நடக்கும் கோயில்களில் பூங்காவனம் போன்ற கடைசி நாட்களில் இசைக்குழு வர வாய்ப்பு அதிகம். அம்மன் கோயில்களிலும் நாகதம்பிரான் கோயில்களிலும் பொங்கல்தான் பெரிய இரவு. புளியம்பொக்கணை நாகதம்பிரானுக்குப் பங்குனி உத்தரத்தில் பொங்கல். வற்றாப்பளை கண்ணகி அம்மனுக்கு வைகாசிப் பூரணையை ஒட்டி வரும் திங்கட்கிழமையில். வற்றாப்பளைக்குப் பாட்டுக் கேட்கும் எண்ணத்தோடு மட்டும் போக வேண்டாம். முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலில் கடல் நீரில் விளக்கெரித்து, பிறகு வற்றாப்பளைக்குப் போகிற அந்தச் சடங்குக்காகவே சனம் எங்கெங்கோ இருந்து வருகிறது. அங்கே முதலில் கும்பிட வேண்டும். மற்றதெல்லாம் பிறகுதான்.

நோட்டீசில் 'இன்னிசைக் கச்சேரி' என்று இருந்தால் அது வாய்ப்பாட்டாக இருக்கலாம். 'நாதஸ்வர தவில் கச்சேரி' என்றால் தவில்காரர்கள் போட்டி போட்டு வாசிக்கிற தவில் சமாவும் இருக்கும், அதைத் தவறவிடாதீர்கள். நாங்கள் தேடுவது 'இசைக்குழு' அல்லது 'மெல்லிசை' என்று போட்டிருப்பதை. வயதானவர்கள் இன்னும் 'கோஷ்டி' என்றுதான் சொல்வார்கள். எழுபதுகளில் யாழ்ப்பாணத்துக் கோயில் வீதிகளில் கண்ணன் கோஷ்டி வாசித்ததைப் பற்றி அப்பாவின் வயதுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு மணித்தியாலம் கதைப்பார்கள். கிளிநொச்சியில் கேட்டால் எஸ். ஜி. சாந்தனின் பெயர் வரும். மேடைப் பாடகர், நடிகர். 2017 பெப்ரவரியில் காலமானார். அந்தக் குரலை நேரில் கேட்டவர்கள் இன்னும் மறக்கவில்லை. கீபோர்டும் ட்ரம்சும் வருவதற்கு முன்னரே விடிய விடிய முழித்திருந்து காத்தவராயன் கூத்தும் கோவலன் கூத்தும் பார்த்த மண் இது. இரவுக்கு முழிப்பது எங்களுக்குப் புதிதில்லை.

நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். நோட்டீசில் 8 மணி என்று இருந்தாலும் பூசை முடிந்து சுவாமி வீதி சுற்றி இருப்புக்கு வந்த பிறகுதான் பாட்டு. இன்னொரு பக்கம், இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுப்பதை 2007இல் உயர் நீதிமன்றம் கட்டுப்படுத்தியது. விசேட நாட்களுக்கு அனுமதி எடுத்திருந்தால்தான் அதற்கு மேல் போகும். அதனால் சில இடங்களில் எதிர்பார்த்ததற்கு முன்பே முடித்துவிடுவார்கள். பிந்திப் போனால் பாதிதான் கிடைக்கும்.

ஆட்களைச் சேர்ப்பது

நாலு பேர் நல்ல கணக்கு. இரண்டு மோட்டார் சைக்கிள், நாலு ஹெல்மெட், முடிந்தது. ஒரு சைக்கிளில் மூன்று பேர் ஏறுகிற கதையே வேண்டாம். ஓட்டுகிற இரண்டு பேரும் அன்றைக்கு ஒரு சொட்டும் குடிக்கக் கூடாது. அதை வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள், கோயில் வாசலில் போய்ப் பேச முடியாது. பெண் பிள்ளைகளும் வருவதென்றால் ஆட்டோ பிடித்து, அந்த ஆட்டோவையே திரும்பி வரவும் பேசி வையுங்கள். இரவு கோஷ்டி முடிகிற நேரத்தில் பஸ் இருக்காது.

பையில் என்ன இருக்க வேண்டும்

விரிப்பு, தண்ணீர்ப் போத்தல், சில்லறைக் காசு, போனில் முழு சார்ஜ். தனியாக ஒரு டோர்ச் லைட் கட்டாயம். போன் வெளிச்சத்தை நம்ப வேண்டாம், அது கடைசியில் வீட்டுக்குக் கதைக்கத் தேவைப்படும். ஆண்கள் வேட்டி அல்லது சாறம் கட்டினால் உள்ளே போய்க் கும்பிடவும் வசதி, மணலில் இருக்கவும் வசதி. பனி விழும் மாதமென்றால் ஒரு துவாய்.

காதுக்குள் வைக்கிற ஸ்பொஞ்ச் அடைப்பானும் ஒரு சோடி. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

போகிற வழி

பொழுது பட முன் போய்ச் சேருங்கள். பரந்தன்–முல்லைத்தீவு வீதியில் இரவில் மாடுகள் தாரிலேயே படுத்திருக்கும், கறுத்த மாடு கிட்டப் போகும் வரை தெரியாது. மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டான் பக்கம் போகிறவர்கள் யானையை நினைவில் வைத்திருக்க வேண்டும். யானை வீதியில் நின்றால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹோர்ன் அடிக்க வேண்டாம், லைட்டை விட்டு விட்டு அடிக்க வேண்டாம், படம் எடுக்கக் கிட்டப் போகவே வேண்டாம். அது கடந்து காட்டுக்குள் போன பிறகும் கொஞ்சம் பொறுங்கள். பின்னால் குட்டியோடு இன்னொன்று வரக்கூடும்.

குறுக்கு வழி என்று தெரியாத பற்றைக்குள் இறங்க வேண்டாம். பாம்பு ஒரு காரணம். மிதிவெடி அபாயப் பலகை இன்னும் நிற்கிற இடங்கள் உள்ள மண் இது என்பது மற்றக் காரணம்.

வெள்ளன போய் மைக் சோதிப்பதைப் பாருங்கள்

முதல் தடவை போகிற யாரும் இதைச் செய்வதில்லை. எனக்கு அந்த இரவிலேயே பிடித்த நேரம் இதுதான்.

மேடைக்குப் பின்னால் ஜெனரேற்றர் உறுமிக்கொண்டிருக்கும். சவுண்ட் சேர்விஸ் பெடியள் ஸ்பீக்கர் பொக்ஸை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, வயரை மணலில் புதைத்து, மேலே மிதிக்காதபடி சாக்கைப் போடுவார்கள். பிறகு ட்ரம்ஸ் அடிப்பவர் காலால் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிப்பார். டும். டும். டும். மிக்ஸரில், அதாவது எல்லாச் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கிற பெட்டியில், இருப்பவர் அந்த ஒரு சத்தம் சரியாகும் வரை குமிழைத் திருகிக்கொண்டே இருப்பார். அதற்குப் பிறகு ஒக்டபாட் என்கிற மின் ட்ரம், பேஸ் கிற்றார், தபேலா என்று ஒவ்வொன்றாக வரும். கீபோர்ட் வாசிப்பவரைக் கவனியுங்கள். வயலின், புல்லாங்குழல், நாதஸ்வரம் எல்லாம் அவருடைய இரண்டு கைக்குள்தான் இருக்கிறது. எந்தப் பாட்டில் எந்த இடத்தில் எந்தச் சத்தத்துக்கு மாற வேண்டும் என்று அவர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். இதைப் பார்த்துவிட்டுப் பிறகு பாட்டைக் கேட்டால் ஒவ்வொரு கருவியும் தனித்தனியாகக் காதில் விழத் தொடங்கும்.

நடுவில் 'கீ' என்று ஒரு கூச்சல் வந்தால் பயப்பட வேண்டாம். பொக்ஸில் இருந்து வரும் சத்தம் திரும்ப மைக்குக்குள் போய், மறுபடி பெரிதாகி வெளியே வருவதால் வருகிற கூச்சல் அது. பாடகர் மைக்கோடு பொக்ஸுக்கு முன்னால் நடந்தால் வரும். பின்னுக்கு வந்தால் நின்றுவிடும்.

இடம் பிடிக்கிறதுக்கும் இதுதான் நேரம். மிக்ஸர் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அதில் இருப்பவர் தன் காதுக்கு எப்படிக் கேட்கிறதோ அப்படித்தான் சத்தத்தைச் சரிசெய்கிறார். மேடைக்கு நேர் எதிரே வீதியில் மிக்ஸர் இருந்தால் அதற்குப் பக்கத்தில் விரிப்பைப் போடுங்கள். பாடகரின் சொல்லும் கேட்கும், பேஸ் கிற்றாரும் தெளிவாகக் கேட்கும்.

காது

பதினெட்டு வயதில் ஒரு பொங்கல் இரவு முழுக்க நான் பொக்ஸுக்கு முன்னால் நின்றேன். இரண்டு நாளைக்குக் காதுக்குள் இரைந்தது. அம்மா கூப்பிட்டது கேட்கவில்லை. அதனால் இந்தப் பகுதியை அழுத்திச் சொல்கிறேன்.

85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம் இருக்கலாம் என்பது வேலைத்தளங்களுக்கு வைத்திருக்கும் கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகிவிடும். 88க்கு 4 மணித்தியாலம், 91க்கு 2, இப்படிக் குறைந்து 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். பெரிய பொக்ஸுக்குக் கிட்ட 100 ஐத் தாண்டுவது சாதாரணம். இரண்டு மூன்று பாட்டிலேயே அன்றைய கணக்கு முடிந்துவிடும்.

வெட்டை வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். பொக்ஸில் இருந்து 5 மீற்றரில் நிற்பவர் 20 மீற்றருக்குப் போனால் 12 டெசிபல் குறைகிறது, அதாவது அவருக்குக் கிடைக்கிற நேரம் 16 மடங்காகிறது. காசு செலவில்லாத வைத்தியம். முன்னுக்கு நிற்கத்தான் வேண்டும் என்றால் அடைப்பான் போடுங்கள். அதை விரலால் உருட்டி மெல்லியதாக்கி, மற்றக் கையால் காது மடலை மேலே இழுத்து, உள்ளே வைத்து, அது விரியும் வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். வெறும் பஞ்சு அடைப்பதால் பெரிய பயன் இல்லை. கைக்குழந்தையோடு வருகிறவர்களைக் கண்டால் பொக்ஸுக்குத் தள்ளி இருக்கச் சொல்லுங்கள்.

பாட்டு நடக்கும்போது

பக்திப் பாட்டில்தான் தொடங்குவார்கள். அதையும் கேளுங்கள், பாடகரின் குரல் அந்த நேரத்தில்தான் மிகச் சுத்தமாக இருக்கும். பிறகு வேகப் பாட்டு வரும், பெடியள் எழும்புவார்கள். ஆடுங்கள், நன்றாக ஆடுங்கள். மேடைக்கு முன்னால் சின்னப் பிள்ளைகளும் அம்மாமாரும் இருக்கிற இடத்தை மறைக்காமல் பக்கத்தில் போய் ஆடுங்கள். ஒருவர் விழுந்தால் ஆட்டத்தை விட்டுவிட்டு முதலில் தூக்குங்கள். யாராவது குடித்துவிட்டுத் தனகினால் பதிலுக்குப் போகாமல் இடத்தை மாற்றுங்கள். கூட வந்த பெண் பிள்ளைகளுக்குத் தொந்தரவு வந்தால் உடனே கோயில் தொண்டர்களிடம் சொல்லுங்கள். அதை அவளே சமாளிக்கட்டும் என்று விடக்கூடாது. அவசரத்துக்கு அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119.

விருப்பப் பாட்டுக் கேட்க வேண்டுமா? ஒரு துண்டில் பாட்டின் முதல் வரியை எழுதி, பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் அறிவிப்பாளரிடம் கொடுங்கள். பாடிக்கொண்டிருக்கும்போது மேடையில் ஏற வேண்டாம். பழகாத பாட்டென்றால் அவர்களால் உடனே வாசிக்க முடியாது, திரும்பத் திரும்பக் கத்திக் கேட்பது அவர்களுக்கு மனக்கஷ்டம்.

பாட்டு முடிந்ததும் கைதட்டுங்கள். போனை உயர்த்திப் பிடித்திருக்கும் கையால் தட்ட முடியாது. ஒரு பாட்டை எடுங்கள், பிறகு போனைப் பைக்குள் வையுங்கள். மேடையில் நிற்பவர்கள் பகலில் வயலிலோ கடையிலோ பள்ளிக்கூடத்திலோ வேலை செய்துவிட்டு இரவில் பழகி வந்தவர்கள். முன்னால் தெரிகிற முகங்களைப் பார்த்துத்தான் அடுத்த பாட்டை வாசிக்கிறார்கள்.

நடுவில் கச்சான் வாங்குங்கள். கோயில் வீதிக் கச்சானும் சுடச்சுடத் தேத்தண்ணியும் இல்லாமல் இந்த இரவு முழுமையாகாது.

முடிந்த பிறகு

சனம் கலையும்போது மேடைப் பக்கம் போங்கள். வயரைச் சுருட்டிக்கொண்டிருப்பார்கள். "அண்ணை, அந்த இரண்டாவது பாட்டில தபேலா நல்லா இருந்தது" என்று வாசித்ததைக் குறித்துச் சொல்லுங்கள். 'சூப்பர்' என்பதை எல்லாரும் சொல்கிறார்கள்; எந்த இடம் நன்றாக இருந்தது என்று சொல்பவர் குறைவு. எடுத்த காட்சியை முகநூலில் போடுவதென்றால் குழுவின் பெயரைக் கேட்டு எழுத்துப் பிழையில்லாமல் போடுங்கள். அடுத்த உபயகாரர் அதைப் பார்த்துத்தான் இவர்களைப் பிடிக்கக்கூடும்.

இனி வீட்டுக்கு. சனம் கூடினால் போன் வேலை செய்யாமல் போகலாம், அதனால் வந்தவுடனேயே ஒரு சந்திக்கும் இடத்தைச் சொல்லி வைத்திருக்க வேண்டும். 'கோபுர வாசல்' என்று சொல்லாதீர்கள், எல்லாரும் அங்கேதான் நிற்பார்கள். 'தெற்கு வீதி வேப்பமரத்தடி' என்று சொல்லுங்கள். ஒருமுறை நாங்கள் ஆறு பேர் போய், மற்றச் சைக்கிளில் வருகிறான் என்று இரண்டு பக்கமும் நினைத்து, ஒருவனை விட்டுவிட்டு வந்துவிட்டோம். பாதி வழியில் தெரிந்து திரும்பிப் போனபோது, லைட் எல்லாம் அணைந்த வீதியில் கச்சான் விற்கிற அம்மாவின் பக்கத்தில் சாக்கில் இருந்தான். அந்த அம்மா கடையைக் கட்டிய பிறகும் அவனைத் தனியே விடாமல் காத்திருந்திருக்கிறார். அன்றிலிருந்து சைக்கிள் ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒவ்வொருவரின் பெயரையும் கூப்பிட்டு, பதில் வந்த பிறகுதான் புறப்படுகிறோம்.

நித்திரை வந்தால் ஓட்ட வேண்டாம்; விரிப்பு இருக்கிறது, வீதியில் சனமும் படுத்திருக்கும், விடிந்த பிறகு போகலாம். வீட்டுக்கும் அதைச் சொல்லிவிடுங்கள். அப்படியே இரவில் புறப்பட்டால் இரண்டு சைக்கிளும் ஒன்றாகவே வர வேண்டும். படலையைத் திறந்து உள்ளே போனதும் ஒரு செய்தி போடுங்கள். நாலாவது ஆளின் செய்தியும் வந்த பிறகு படுங்கள்.