மைக்கேலாஞ்சலோ வைரஸ்: பழைய டாஸ் கணினியை நீங்களே சுத்தம் செய்வது எப்படி?

1992 மார்ச் 6 அன்று மைக்கேலாஞ்சலோ வைரஸ் ஹார்டு டிஸ்க்குகளை அழிக்கப் போகிறது என்று அமெரிக்கத் தொலைக்காட்சிகளும் நாளிதழ்களும் முன்கூட்டியே அலறின. 50 லட்சம் கணினிகள் வரை பாதிக்கப்படலாம் என்ற கணிப்பும் வந்தது. கடைசியில் கணக்கு ஆயிரங்களோடு நின்றது. அந்தச் செய்திகள் மேல் எனக்குள்ள வருத்தம் வேறு. "அன்றைக்குக் கணினியைப் போடாதீர்கள், இல்லையென்றால் தேதியை முன்கூட்டியே 7 என்று மாற்றிவிடுங்கள்" என்ற யோசனைதான் ஊரெல்லாம் பரவியது. தேதியை மாற்றினால் வைரஸ் போய்விடாது. அடுத்த மார்ச் 6 வரை அங்கேயே உட்கார்ந்திருக்கும். நடுவில் போடுகிற ஃபிளாப்பிகளில் எல்லாம் ஏறிக்கொள்ளும்.

பரணிலிருந்து டாஸ் என்ற பழைய இயங்குதளத்தில் ஓடும் 386, 486 கணினிகளை இறக்கி ஓட்டிப் பார்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பழைய ஃபிளாப்பிகளில் அந்த வைரஸ்களும் இருக்கின்றன. முறையாக நீக்கும் வழியைப் பார்ப்போம்.

முதலில் அது எங்கே ஒளிகிறது என்று தெரிய வேண்டும். ஹார்டு டிஸ்க்கின் முதல் செக்டர் (வட்டில் தகவல் எழுதப்படும் ஒரு சிறு துண்டு) 512 பைட்தான். கணினியைப் போட்டதும் பயாஸ் (கணினிக்குள்ளேயே பதிந்திருக்கும் தொடக்க நிரல்) அதைப் படித்து இயக்கும். மைக்கேலாஞ்சலோ அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, அசலை 7-வது செக்டருக்குத் தள்ளிவிடும். அதனால் டாஸ் ஏறுவதற்கு முன்பே அது நினைவகத்தில் ஏறிவிடும். ஃபிளாப்பிக்கும் இப்படி ஒரு பூட் செக்டர் உண்டு, அதில் வெறும் கடிதங்கள் மட்டும் இருந்தாலும்கூட. ஏ டிரைவில் மறந்துபோய் விட்ட ஃபிளாப்பியோடு கணினியைப் போட்டால் "இது சிஸ்டம் டிஸ்க் அல்ல" என்ற செய்தி வரும். பலர் ஃபிளாப்பியை உருவிவிட்டு நிம்மதியாக ஒரு விசையைத் தட்டுவார்கள். அந்த ஃபிளாப்பியில் வைரஸ் இருந்தால், செய்தி திரையில் வரும்போதே அது ஹார்டு டிஸ்க்குக்குப் போயிருக்கும்.

சரி, வேலையைத் தொடங்கலாம்.

படி 1: சுத்தமான பூட் ஃபிளாப்பி, அதாவது கணினியைத் தொடங்க உதவும் ஃபிளாப்பி. வைரஸ் இல்லை என்று உறுதியாகத் தெரிந்த கணினியில் இதைத் தயாரியுங்கள். ஃபார்மட் ஏ: /எஸ் (FORMAT A: /S) கட்டளை கொடுத்து, அதில் செக்டிஸ்க் (CHKDSK), எஃப்டிஸ்க் (FDISK), சிஸ் (SYS) ஆகிய மூன்று டாஸ் நிரல்களையும் எஃப்-புரோட் போன்ற ஒரு வைரஸ் தேடும் நிரலையும் போட்டுக்கொள்ளுங்கள். டாஸ் 5 அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். உடனே, ஃபிளாப்பியில் எதுவும் எழுத முடியாதபடி தடுக்கும் எழுத்துப் பூட்டைப் போடுங்கள். இங்கேதான் புதியவர்கள் குழம்புவார்கள்: 3.5 அங்குல ஃபிளாப்பியில் ஓட்டை திறந்திருந்தால் பூட்டியதாகப் பொருள், 5.25 அங்குலத்தில் ஓரத்து வெட்டை மூடினால்தான் பூட்டு. அதற்கு ஒளி புகாத டேப்பை ஒட்டுங்கள். பல டிரைவ்கள் ஒளியை வைத்துத்தான் பார்க்கின்றன. இந்தப் பூட்டு டிரைவின் மின்சுற்றிலேயே இருப்பதால் எந்த வைரஸாலும் மீற முடியாது.

படி 2: சந்தேகத்தைச் சோதிப்பது. ஹார்டு டிஸ்க்கிலிருந்தே கணினியைத் தொடங்கி செக்டிஸ்க் ஓட்டுங்கள். மொத்த நினைவகம் 655360 என்று வர வேண்டும். 653312 என்று வந்தால் 2 கேபி காணாமல் போயிருக்கிறது. மைக்கேலாஞ்சலோவும் ஸ்டோன்ட் (Stoned) என்ற இன்னொரு வைரஸும் சரியாக அவ்வளவைத்தான் எடுத்துக்கொள்ளும். 654336 வந்தால் பதற வேண்டாம், சில கணினிகளில் பயாஸே 1 கேபி எடுத்துக்கொள்வது உண்டு. இது ஒரு தடயம் மட்டுமே, தீர்ப்பு அல்ல.

படி 3: மின்சாரத்தை நிறுத்துங்கள். கன்ட்ரோல்-ஆல்ட்-டெலீட் போதாது, சில வைரஸ்கள் அதைத் தாண்டியும் நினைவகத்தில் தங்கும். சுவிட்சை அணைத்து, கொஞ்சம் பொறுத்து, பூட்டிய ஃபிளாப்பியிலிருந்து தொடங்குங்கள்.

படி 4: அவசரப்படக் கூடாத இடம் இது. ஹார்டு டிஸ்க்கில் உள்ள கோப்புகளைப் பட்டியலிட டிர் சி: (DIR C:) கொடுங்கள். கோப்புகள் தெரிந்தால் முக்கியமானவற்றை வேறு ஃபிளாப்பிக்கு நகலெடுத்துவிட்டு, தேடும் நிரலை ஓட்டி வைரஸின் பெயரைப் பாருங்கள். சி டிரைவே இல்லை என்று டாஸ் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். மங்கி வைரஸாக இருக்கலாம். அது பார்ட்டிஷன் அட்டவணையையே (வட்டு எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற குறிப்பை) மறைத்து வைக்கும். அடுத்த படியில் உள்ள கட்டளையை அதன் மேல் கொடுத்தால் வட்டு கைவிட்டுப் போகும். அதற்கு கில்மங்க் என்ற தனி நிரல் இருக்கிறது.

படி 5: மைக்கேலாஞ்சலோ, ஸ்டோன்ட் என்றால் எஃப்டிஸ்க் /எம்பிஆர் (FDISK /MBR) கொடுங்கள். பார்ட்டிஷன் அட்டவணையைத் தொடாமல் முதல் செக்டரின் நிரலை மட்டும் புதிதாக எழுதும். ஃபார்ம் வைரஸ் என்றால் அது வட்டின் முதல் செக்டரில் அல்ல, டாஸ் பகுதியின் தொடக்கத்திலுள்ள பூட் செக்டரில் இருக்கும், அதற்கு சிஸ் சி: (SYS C:) வேண்டும், ஃபிளாப்பியும் ஹார்டு டிஸ்க்கும் ஒரே டாஸ் பதிப்பாக இருக்கட்டும். அப்புறம் மறுபடி அணைத்துப் போட்டு செக்டிஸ்க் பாருங்கள்.

படி 6: ஃபிளாப்பிகள். ஒன்றை விட்டாலும் எல்லாம் வீண். சுத்தமான கணினியில் அவற்றின் கோப்புகளை காப்பி கட்டளையால் எடுத்துக்கொண்டு, ஃபிளாப்பியை ஃபார்மட் செய்யுங்கள். டிஸ்க்காப்பி வேண்டாம், அது பூட் செக்டரையும் சேர்த்தே நகலெடுக்கும்.

கடைசியாக பயாஸ் அமைப்புக்குள் போய், தொடங்கும் வரிசையை ஏ, சி என்பதிலிருந்து சி, ஏ என்று மாற்றுங்கள். மிகப் பழைய பயாஸ்களில் அந்த வசதி இருக்காது. அப்படியென்றால் சுவிட்சைப் போடுமுன் ஏ டிரைவ் காலியா என்று ஒரு பார்வை பாருங்கள்.